ஆறு புள்ளி நாலு பேர்

இல்ல மேடம், நான் எங்கயும் போகல, நீங்க பாட்டுக்கு எழுதுங்க. என்னை இங்க நிக்க வச்சதே, சாவுக் கணக்குப் பாக்க கவர்மெண்டுலேர்ந்து வந்த உங்களைப் பாத்துக்கத்தான். பாத்துக்கறதுன்னா தண்ணி கொண்டாறது, ஃபேனைக் கூட்டிக் கொறைக்கறது, அப்புறம் நீங்க ரெஜிஸ்டர்ல எந்தப் பக்கத்தைப் போட்டோ புடிக்கறீங்கன்னு பாத்து மேனேஜர் காதுல போடறது. மூணாவதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. சொல்லிட்டேன். நமக்கு வாய் கொஞ்சம் லூசு.

ஏன் என்னைப் போட்டாருங்கறீங்களா? எனக்குப் படிக்க வராது மேடம். ரெண்டாங்கிளாஸ்ல டீச்சரும் நானும் ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சு விட்டுட்டோம். எழுத்தைப் பாத்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். நம்பர் மட்டும் நல்லா வரும். நம்பர் ஓடாது பாருங்க, வச்ச எடத்துல நிக்கும். அதனால இவன் நின்னா எதுவும் புரியாதுன்னு ஒரு நம்பிக்கை அவருக்கு.

நான் அப்பப்ப அந்த ஜன்னல் பக்கம் எட்டிப் பாப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. கீழ லாரியில கல்லு ஏத்தறாங்க. மேனேஜர் பக்கத்துல நின்னு எண்ணிட்டு இருக்காரு. இருபத்திரெண்டு கல்லு. பத்து ஏறியாச்சு. கடைசிக் கல்லு ஏறினதும் மேல வந்து கையெழுத்தைக் கேப்பாரு, நீங்களும் போட்டுக் குடுத்துட்டு ஜீப்பு ஏறிடுவீங்க. அதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.

இப்ப போன்ல உங்க பெரிய ஆபீசர்கிட்ட வித்தியாசம் ஒண்ணும் இல்ல சார்னு சொன்னீங்களே, அது என்ன வித்தியாசம்?

சரி. சரி. மெதுவா சொல்லுங்க, மண்டைக்குள்ள ஏறணும். நாடு முழுக்க இருபதுக்கும் நாப்பதுக்கும் நடுவுல இருக்கற ஆம்பளைங்களை எடுத்தா, ஆயிரத்துக்கு வருசம் ரெண்டு பேர் சாவான். இங்க அறுநூத்தி நாப்பது பேர். அஞ்சு வருசத்துக்குப் பாத்தா ஆறு புள்ளி நாலு பேர் செத்திருக்கணும். எங்க ரெஜிஸ்டர்ல செத்தது ஏழு. ஆறு புள்ளி நாலுக்கு ஏழு, பெரிசா ஒண்ணும் தப்பில்ல. அவ்ளோதானே?

அந்தப் புள்ளி நாலு யாரு மேடம்? எங்க சூப்பர்வைசரா? ஆளு அவ்ளோதான் இருப்பாரு, அதான் கேட்டேன்.

எதிர்பார்த்த சாவுன்னா சொல்றீங்க அதுக்கு? நல்ல பேருதான். யாரு எதிர்பார்த்தது? சரி சரி, உங்க பொஸ்தகம் எதிர்பார்த்தது. இல்ல, நான் சண்டைக்கு வரல. எதிர்பார்த்ததுக்கு மேல போனா மட்டும் அதுக்கு ஒரு பேரு, அதிகப்படி. அதிகப்படி வந்தா ஷெட்டை மூடி, தண்ணி விடாம கல்லு அறுக்கறதை நிறுத்தச் சொல்லுவீங்க. வரலன்னா இன்னும் அஞ்சு வருசத்துக்கு யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டீங்க. அதுவும் சரியா புரிஞ்சுக்கிட்டேனா?

தண்ணி ஓடுதேன்னு கேக்கறீங்களா. ஓடும் மேடம், இன்னிக்கு ஓடும். வீட்டுக்கு விருந்தாளி வந்தா ஷோகேஸ்ல இருக்கற கப்பு வெளிய வரும்ல, அந்த மாதிரி. நேத்துதான் பைப்பு மாட்டினாங்க. தண்ணி விட்டு அறுத்தா தூசி பறக்காது, ஆனா தரையெல்லாம் சேறு, வேலை பாதியாயிடும். சமையல்கட்டு மேடைக்குப் போடறாங்களே பளபளன்னு, அந்தக் கல்லு இது. மலையில வெட்டினதில்ல, கல்லைப் பொடியாக்கிப் பசையைப் போட்டு அச்சுல வார்க்கறது. தண்ணி இல்லாம அறுத்தா மாவு மில்லு மாதிரி ஆயிடும். சாயந்தரம் எல்லாரும் ஒரே நெறமாத்தான் வெளிய வருவோம். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பாக்க அழகுதான்.

பதிமூணு ஏறிடுச்சு.

நான் படிக்காதவன், தப்பா கேட்டா சிரிச்சுடுங்க. நீங்க யாரோட யாரை வச்சுப் பாக்கறீங்க? நாட்டுல இருக்கற அத்தனை ஆம்பளைங்களோட. அதுல ஆஸ்பத்திரியில கெடக்கறவன் இருக்கான், பொறந்ததுல இருந்தே இதயத்துல ஓட்டை உள்ளவன் இருக்கான், நாள் பூரா குடிக்கறவன் இருக்கான். இங்க ஆளெடுக்கறதை நீங்க பாத்ததில்ல. கேட்டுல வச்சு ஒரு கல்லைத் தூக்கச் சொல்லுவாங்க. அப்புறம் இந்தப் படியில மூணு தடவை ஏறி எறங்கச் சொல்லுவாங்க. மூச்சு வாங்கினா அப்படியே வெளிய. கத்தரிக்கா பொறுக்கற மாதிரி, சொத்தை இல்லாம பாத்து எடுக்கறது. அப்படி எடுத்தவன்ல ஆறு பேரை எப்படி மேடம் எதிர்பாப்பீங்க? மூணு எதிர்பார்த்தாலே ஜாஸ்தி.

ஓ, அதுக்கும் உங்க படிப்புல ஒரு பேரு இருக்கா. பரவால்ல, நானும் படிச்சவன்தான் அப்ப.

இன்னொண்ணு. அந்த ஏழு பேர் எப்படி செத்தாங்கன்னு போட்டிருக்கா? படிங்க. கல்லு சாஞ்சு ரெண்டு பேர். கரண்டு அடிச்சு ஒருத்தன். கிரேன் கொக்கி. பைக்குல கேட்டுக்கு முன்னாடி மூணு பேர், ஒரே பைக்கு, அவனுங்க மூணு பேரும் எப்பவும் ஒட்டிக்கிட்டேதான் திரிவாங்க. ஏழாச்சா? எல்லாம் நாலு பேர் கண்ணுக்கு முன்னாடி, ரத்தத்தோட, போலீசு வந்து எழுதினது. மறைக்க முடியாது. இருமிச் செத்தவன் ஒருத்தன் இல்ல. தண்ணி விட்டு அறுக்கற இன்னிக்கே நீங்க காலையிலேர்ந்து நாலு தடவை இருமிட்டீங்க மேடம், இந்த மாடியில உக்காந்து. அறுநூத்தி நாப்பது பேர் அஞ்சு வருசம் அந்த மாவுக்குள்ள நிக்கறான், ஒருத்தன் நெஞ்சும் கெடல. நாங்கதான் இரும்பால செஞ்சவங்க போல.

இருங்க. கிரேன் நின்னுடுச்சு.

மேல பாக்கறாரு. ரெஜிஸ்டரைத் திருப்பாதீங்க, அப்படியே விடுங்க. சிரிங்க மேடம். சும்மா, சத்தமா, நான் ஏதோ சொன்ன மாதிரி. இன்னும் கொஞ்சம். ஆங்.

போயிட்டாரு. கயிறு சிக்கிடுச்சாம், சரி பண்றாங்க. நான் இருக்கற எடத்துல சிரிப்புச் சத்தம் கேட்டாத்தான் அவருக்கு நிம்மதி. அந்த ஜோக்கர் கதையடிச்சுட்டு இருக்கான், வேலை நடக்குதுன்னு. எங்க மேனேஜருக்கு நாங்க வச்ச பேரு தெரியுமா? பாத்துக்கலாம். மாஸ்க்கு கேட்டா பாத்துக்கலாம், லீவு கேட்டா பாத்துக்கலாம். ஒரு தடவை அவரு சம்சாரம் போன்ல ஏதோ கேட்டுச்சு, அதுக்கும் அதேதான்.

பதினாலு. நேரமில்ல, விசயத்துக்கு வரேன்.

நீங்க காலையில ஆச்சரியப்பட்டீங்களே, இங்க வேலையை விட்டு யாருமே போறதில்ல போலிருக்கேன்னு. நல்ல கம்பெனின்னு கூட சொன்னீங்க. மேனேஜர் நெளிஞ்சாரு, வெக்கத்துலன்னு நெனச்சுட்டீங்க. இந்த ஆபீசுலயே டைப் அடிக்கற பொண்ணு மூணு மாறியாச்சு. ஷெட்டுல மட்டும், செத்த அந்த ஏழு பேரைத் தவிர, அஞ்சு வருசமா அதே ஆளுங்க, பேரு மாறாம. எப்படி?

இங்க ஆளுக்குப் பேரு கெடையாது, டோக்கன்தான். சம்பளத்துக்கு, சாப்பாட்டுக்கு, கக்கூஸ் போறதுக்கு, எல்லாத்துக்கும் டோக்கன். ஒருத்தனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுதுன்னு வைங்க, முதல்ல லைட் வேலைக்கு மாத்துவாங்க. கூட்டறது, ஸ்டோர்ல நிக்கறது. அதுவும் முடியலன்னா ஊருக்குப் போயி உடம்பைத் தேத்திட்டு வாம்பாங்க. வரும்போது பாத்துக்கலாம். அவன் எங்க வரப் போறான். அவன் டோக்கன்ல அடுத்த ஆளு நிப்பான். பேரு பழசு, பொறந்த தேதி பழசு, போட்டோ மட்டும் புதுசா மேல ஒட்டிக்குவாங்க. புது ஆளுன்னு எழுதினா டாக்டர் சர்ட்டிபிகேட், எக்ஸ்ரே, ஆயிரத்தெட்டு இருக்கு. பழைய ஆளுக்கு ஒண்ணும் வேணாம்.

ஆள்தான் மேடம் சாவான். டோக்கன் சாகாது.

செத்தவன் உங்க கணக்குல வருசா வருசம் வயசாகிட்டே போறான், அவனும் வேலை பாத்ததா சேத்துதான் நீங்க பெருக்கி வச்சிருக்கீங்க. அவன் நெசமா எங்கயோ ஊர்ல செத்து, அங்க ஒரு ஆபீசுல அவன் பேரு ஏறியிருக்கும். ஒரு ஊர்ல ஒண்ணு, இன்னொரு ஊர்ல ஒண்ணு. செதறிப் போயி செத்தா யாருக்கும் உறுத்தாதுல்ல. நாடு முழுக்க ஆயிரத்துக்கு ரெண்டுன்னீங்களே, அந்த ரெண்டுக்குள்ளயே எங்க பசங்களும் எங்கயோ இருக்காங்க.

ஆதாரமா? கேப்பீங்கன்னு தெரியும். மேனேஜர் ஆறு ரெஜிஸ்டர் எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான் ஏழு எடுத்துட்டு வந்துட்டேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, ஒண்ணு தப்பா வந்துடுச்சு. அடியில இருக்கு பாருங்க, பச்சை அட்டை. அதான். பூட்ஸ் ரெஜிஸ்டர்.

சிரிக்காதீங்க, இப்ப சிரிக்க வேணாம். ஒவ்வொரு டோக்கனுக்கும் வருசம் ஒரு ஜோடி பூட்ஸ். டோக்கன் நம்பர், தேதி, கால் அளவு, வீட்டு போன் நம்பர். போன் நம்பர் எதுக்குன்னா, பூட்ஸோட ஓடிட்டான்னா கூப்பிட்டுக் கேக்கறதுக்கு. ஆளைப் பத்தின ரெஜிஸ்டரை ஆபீசுல உக்காந்து எப்படி வேணாலும் எழுதலாம். பூட்ஸை அப்படி எழுத முடியாது, கடிக்கும்ல. இதுல எல்லாமே நம்பரு. அதனாலதான் ஸ்டோரை என்கிட்ட குடுத்தாங்க.

டோக்கன் எண்பத்தெட்டைப் பாருங்க. மூணு வருசம் ஏழு. அப்புறம் பத்து. உங்க பெரிய ரெஜிஸ்டர்ல எண்பத்தெட்டுக்கு என்ன வயசு? முப்பத்தாறா? முப்பத்தாறு வயசுல காலு வளருமா மேடம்? அங்க நூத்தி நாப்பதைப் பாருங்க, ஒம்பது இருந்தது ஏழு ஆயிடுச்சு. தேஞ்சுட்டான் போல. இதை நான் வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். ஸ்டோர்ல உக்காந்தா பொழுது போகாது, வெரலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா வந்தேன். அளவு மாறினது மட்டும் அம்பத்தியெட்டு. ஒரே அளவுள்ள ஆளு வந்து நின்னிருந்தா அது என் கணக்குல வராது, அதை விட்டுட்டேன்.

அதான் மேடம், நானும் அதைத்தான் சொல்ல வரேன். மாறினவன் எல்லாம் செத்தவன்னு நான் சொல்லல. ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு உங்ககிட்ட வந்து சொன்னா செருப்பாலதான் அடிப்பீங்க. அதனால போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா அதான் வேலை, நாலு மாசமா. கம்பெனி ஸ்டோர்லேர்ந்து பேசறேன், புது பூட்ஸ் வந்திருக்கு, அளவு சொல்லுங்கம்பேன். நேரா கேட்டா வச்சுடுவாங்கல்ல. பன்னெண்டு பேர் அவங்களே எடுத்தாங்க, கடை வச்சிருக்கான் ஒருத்தன், வண்டி ஓட்டறான் ஒருத்தன், உசுரோட இருக்காங்க. அதுல நாலு பேர் ரெண்டு வார்த்தை பேசிட்டு, மூச்சு பத்தாம போனை சம்சாரத்துகிட்ட குடுத்துட்டாங்க. பதினஞ்சு நம்பர் போகவே இல்ல. மிச்சம் முப்பத்தொண்ணுலயும் வீட்டு ஆளுங்கதான் எடுத்தாங்க.

ஒரு அம்மா சொன்னாங்க, அளவு எதுக்குங்க, அவரு போயிச் சேந்து ரெண்டு வருசம் ஆச்சே, அந்த எடத்துக்கு நீங்கதான் ஆள் வச்சுட்டீங்களேன்னு. கோவமாக் கூட சொல்லல. பஸ்ஸு போயிடுச்சுங்கன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. நான் சரிங்கன்னு வச்சுட்டேன். அன்னிக்கு வேற யாருக்கும் போடல.

நம்ப வேணாம் மேடம், நான் சொன்னேன்னு நம்பவே வேணாம். நம்பர் எல்லாம் இருக்கு, நீங்களே போட்டுப் பாருங்க. அதை விட சுலபமா ஒண்ணு இருக்கு. செத்தவங்க பேரெல்லாம் நாடு முழுக்க உங்க ஆபீசுல இருக்காமே? அதையும் எங்க சம்பள ரெஜிஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அங்க செத்தவன் இங்க போன மாசம் பூட்ஸ் வாங்கியிருப்பான்.

பதினெட்டு.

கூட்டிட்டீங்களா? ஏழும் முப்பத்தொண்ணும் முப்பத்தெட்டு. எதிர்பார்த்தது ஆறு புள்ளி நாலு. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நான் ஆளு எண்ணிக்கை தப்பாப் போயிடுமோன்னு பயந்தேன். எப்படியும் டோக்கனுக்கு ஒருத்தன் நின்னுட்டுத்தான் இருந்திருக்கான், அதனால அது மாறாதா? வயசுதான் கொறையும். வயசு கொறைஞ்சா எதிர்பார்க்கறதும் கொறையும், மடங்கு இன்னும் ஏறும். பாருங்க, எனக்கே புரியுது.

இப்ப வித்தியாசம் இல்லன்னு போடுவீங்களா?

முழுசா சரிபாக்காம எழுத முடியாதுன்னா, சரி, நியாயம்தான். எவ்ளோ நாள் ஆகும்? மூணு மாசமா. கையெழுத்து மட்டும் இன்னிக்குப் போடாதீங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுங்க, ஜீப்புல டீசல் இல்லன்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. பச்சை அட்டையைப் போட்டோ எடுத்துக்குங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நான் எதையும் பாக்கலல்ல, அதான்.

சீக்கிரம் புரட்டுங்க. அந்தப் பக்கத்துல எரநூத்திப் பதினாலு வரும், அது தெளிவா விழட்டும். ஏழு, ஏழு, ஒம்பது, அப்புறம் எட்டு, எட்டு. அந்த எட்டு நான்தான் மேடம். அந்த டோக்கன்ல மூணாவது ஆளு. உங்க பட்டியல்ல எனக்கு முப்பத்தொம்பது வயசு, நெசமா இருபத்தியேழு. முடி நல்லா வச்சிருக்கீங்கன்னு காலையில சொன்னீங்களே, அதான் காரணம்.

ஆமா, லைட் வேலைதான். ஆறு மாசமா. இந்தப் படியில ஏழு ரெஜிஸ்டரைத் தூக்கிட்டு வரதுக்கு ரெண்டு எடத்துல உக்காந்தேன். அதை விடுங்க, என்னை எந்தக் கட்டத்துலயும் எழுத முடியாது, நான் இன்னும் போகல.

எட்டுக்குக் கீழ பத்துன்னு ஒண்ணு இருக்கா? மை புதுசா தெரியும். நேத்து நான்தான் எழுதினேன். பத்தாம் நம்பர் என் தங்கச்சி வீட்டுக்காரரு. கல்யாணத்துக்கு நான்தான் செருப்பு வாங்கிக் குடுத்தேன், கடைக்காரன் குடோனுக்குள்ள போயி தேடி எடுத்துட்டு வந்தான், அவ்ளோ பெரிய காலு. நாலு மாசம் ஆச்சு கல்யாணம் ஆகி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உன்னால இனி முடியாதுடா, டோக்கன் வீணாப் போக வேணாம், உங்க வீட்டு ஆளா ஒருத்தரைச் சொல்லுன்னாரு. நான் சொல்லல. என் தங்கச்சிக்கே நேரா போன் போட்டுட்டாரு. திங்கக்கிழமை சேரணும். இன்னிக்கு அஞ்சு மணி பஸ்ஸுக்கு மாப்பிள்ளை பெட்டியோட நிக்கறாரு.

சொல்லாம இருப்பேனா? பத்து தடவை சொல்லிட்டேன். வராதீங்க மாப்ள, இங்க ஆளு சாவறான்னேன். விழுந்து விழுந்து சிரிக்கறாரு. கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பேய் புடிச்சிருக்குன்னு எங்க வீட்டு ஆளுங்களையே ஓட விட்டவன் நான், என் பேச்சை யாரு கேப்பா. தங்கச்சியும் சிரிக்குது. உனக்குப் போட்டியா ஒருத்தர் வந்துடுவாருன்னு பொறாமையாண்ணேங்குது. இருமிக் காட்டினேன், அதுக்கும் சிரிச்சாங்க, நல்லா நடிக்கறேனாம்.

இருபத்தொண்ணு ஏறிடுச்சு. கடைசிக் கல்லைத் தூக்கறாங்க.

மணி நாலரை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டுட்டேன், ரிங் போகுது. அந்த ஆறு மடங்கு சொன்னீங்களே, அதை மட்டும் சொல்லுங்க, நான் யாருன்னெல்லாம் வேணாம், உங்க ஆபீஸ் பேரைச் சொல்லி நம்பரைச் சொல்லுங்க. எடுத்துட்டாரு. மாப்ள, இருங்க, ஒரு நிமிசம், இங்க ஒருத்தங்க பேசறாங்க. இல்ல, வெளையாட்டு இல்ல.

சிரிக்கறாரு மேடம். பேசுங்க.